எஸ்.எம். என்றொரு நோயாளி

பிப்ரவரி 3, செவ்வாய்

சிறுநீரகத்துக்குள் இருக்கும் ஒரு செல், சாகும் நிலையில் இல்லாதபோதே, தன் கால்களை ஏன் இழுத்துக்கொள்கிறது? இந்தக் கேள்வியை வைத்துத்தான் இத்தனை வருடமும் சம்பளம் வாங்கியிருக்கிறேன். எனக்கு விடை தெரியாது.

இன்று மருத்துவமனை வராந்தாவில் செண்பகம் கேட்டதும் ஏறக்குறைய இதே கேள்விதான். "ஏன் அண்ணி, இவருக்கு மட்டும் இப்படி?" அவள் என் தம்பி மாசிலாமணியின் மனைவி. மாசிலாமணி உறையூரில் சவுண்டு சர்வீஸ் வைத்திருக்கிறான். தீபாவளியிலிருந்து திங்கள், புதன், வெள்ளி டயாலிசிஸ்.

நான்காம் வகுப்பில் படிக்கும்போது, பின்னால் வந்த தண்ணீர் லாரி அவனைச் சுவரோடு அழுத்தியது. இடது சிறுநீரகத்தை எடுத்துவிட்டார்கள். மிஞ்சிய ஒன்று இத்தனை காலம் இரண்டு பேர் வேலையைச் செய்து, இப்போது முழுக்கத் தழும்பாகிவிட்டது. "ஒரு ஸ்பீக்கர் போச்சு. இன்னொண்ணு கத்திக் கத்தி காயில் கம்பி கருகிடுச்சு. அவ்ளோதான் விஷயம்" என்பான், விசாரிக்க வருகிறவர்களிடம்.

அவ்வளவுதானா என்பதுதான் அவனைப் பார்க்கும் டாக்டர் நிஜாமுதீனின் சந்தேகம். என்னுடையதும். பழைய பாரத்தினால் வந்த தழும்பு என்றால் நான் கொடுக்கப்போகும் சிறுநீரகம் அவனிடம் பிழைக்கும். அவன் ரத்தத்தில் ஏதோ ஒரு பொருள் இருந்துகொண்டு அந்தச் செல்களைத் தாக்கியிருந்தால், என்னுடையதையும் அது சில நாளிலேயே தாக்கத் தொடங்கும். எது என்று சொல்ல கடையில் கிடைக்கிற பரிசோதனை இல்லை. ஆனால் என் ஆய்வுக்கூடத்தில் அந்தச் செல்களை வளர்க்கிறோம். அவன் ரத்தத்தை அவற்றின் மேல் விட்டுப் பார்க்கலாம். ஒப்பிட என் ரத்தம். நோய் தீவிரமாக இருக்கும் வேறொரு நோயாளியின் ரத்தமும் அனுப்புவதாக டாக்டர் சொன்னார்.

தானத்துக்கான பரிசோதனைக்குப் பதிவு செய்யும் இடத்தில் ஆய்வுக்கூடத்திலிருந்து போன் வந்ததால் நகர்ந்து நின்றேன். அதற்குள் எனக்கு வந்த கேள்விகளுக்கெல்லாம் செண்பகமே பதில் சொல்லிவிட்டாள். கணவர் பெயர் வரைக்கும். சௌந்தரராஜன் ஓசூரில் இருக்கிறார்; நலமாக இருப்பார் என்று நினைக்கிறேன். பதினொரு வருடமாக அந்தப் பெயரை நான் எங்கும் சொன்னதில்லை. என் சான்றிதழ்கள் எல்லாம் அப்பாவின் பெயரில்தான்: ஆர். மங்கையர்க்கரசி. திரும்பி வந்தபோது ரத்தம் எடுக்கச் சட்டைக்கையைச் சுருட்டச் சொன்னார்கள். எதையும் கேட்கவில்லை.

பிப்ரவரி 4, புதன்

புதிதாக வாங்கிய கழிவறைத் திரவம் மட்டமான சரக்கு. எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் நுரை அடங்கவில்லை.

பிப்ரவரி 6, வெள்ளி

மருத்துவமனையிலிருந்து ரத்தப் பெட்டி வந்துவிட்டது. எங்கள் டெக்னீஷியன் ஜெசிந்தா சீரத்தைப் பிரித்துக் குழாய்களில் ஏற்றினாள். உறைந்த ரத்தத்தின் மேல் தெளியும் மஞ்சள் நீர்தான் சீரம். வழக்கம்போல் பெயரின் முதலெழுத்துகளை மட்டும் குழாயில் எழுதியிருந்தாள். ஆர்.எம். என்று இரண்டு, எஸ்.எம். என்று இரண்டு.

நானும் தம்பியும் ஒரே முதலெழுத்து. ஆளுக்கு ஒன்றாக இரண்டு ஆர்.எம். போலும், ஒன்று, இரண்டு என்று எண் போட்டுப் பிரிக்கக்கூடத் தோன்றவில்லை அவளுக்கு. எஸ்.எம். டாக்டர் சொன்ன அந்த நோயாளியாக இருக்க வேண்டும்.

"எது யாருதுன்னு உனக்குத் தெரியும்தானே?"

"தெரியும் மேடம்."

"என்கிட்ட இப்ப சொல்லாதே. பார்த்து முடிச்சப்புறம் கேட்டுக்கறேன்."

யாருடையது என்று தெரிந்தால் கண் அதைத்தான் பார்க்கும். என் கண்ணையும் நான் முழுதாக நம்புவதில்லை.

செல்களை 33 டிகிரியிலிருந்து 37-க்கு மாற்றினோம். குளிர்ச்சியில் இவை பெருகும். உடம்புச் சூட்டுக்கு வந்தால் பெருகுவதை நிறுத்திவிட்டுக் கால் முளைக்கும். பத்து, பன்னிரண்டு நாள் ஆகும்.

நாங்கள் இதைப் பாதச்செல் என்போம். சிறுநீரகத்தின் வடிகட்டி முடிச்சு ஒவ்வொன்றிலும் ரத்த நுண்குழாய்களை வெளியிலிருந்து கட்டிப் பிடித்தபடி இவை உட்கார்ந்திருக்கின்றன. சின்னச் சின்னக் கால்களை நீட்டி, பக்கத்துச் செல்லின் கால்களோடு விரல் கோத்தாற்போல் கோத்துக்கொள்கின்றன. அந்த இடுக்குகளில் மெல்லிய சல்லடை. தண்ணீர் போகும், உப்பு போகும், புரதம் போகாது. காலுக்குள் கம்பியாக ஓடும் இழைகள்தான் அதை நீட்டி வைத்திருக்கின்றன. இழை குலைந்தால் கால் மடங்கும், சல்லடை விட்டுப்போகும், ரத்தத்தின் புரதம் சிறுநீரில் ஒழுகும். அதுவரை போனாலும் திரும்பி வர வழி உண்டு. பிடியை விட்டுச் செல் உதிர்ந்துவிட்டால் அந்த இடத்துக்கு வேறொன்று முளைத்து வராது. அங்கே தழும்பு விழும். மிச்சம் இருக்கும் செல்கள் அந்த வெற்றிடத்தையும் மூடப் பார்த்து, தாங்க முடியாமல் இழுபட்டு, அவையும் உதிரும்.

இதையெல்லாம் செண்பகத்திடம் சொன்னபோது, "கடைசியில எங்க வீடு மாதிரிதான்" என்றாள்.

பிப்ரவரி 8, ஞாயிறு

உறையூர் போனேன். கதவைத் தட்டும் முன் உள்ளே பேச்சுக் குரல். நான் நுழைந்ததும் நின்றுவிட்டது. செண்பகம் என் முகத்தைப் பார்த்து, பிறகு என் காலைப் பார்த்தாள்.

"கால் வீங்கியிருக்கே அண்ணி."

"பஸ்ஸுல நின்னுக்கிட்டே வந்தேன்."

"முகம்கூட…"

"தூக்கம் சரியில்ல. உன் வீட்டுக்காரரைப் பாரு முதல்ல."

சாப்பிடும்போது மாசிலாமணி தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "அக்கா, உன் கிட்னி எனக்கு வேண்டாம்."

"ஏன், கம்பெனி சரியில்லையா?"

"விளையாடல. வேண்டாம்னா வேண்டாம்."

"காரணம்?"

"காரணம் எதுக்கு? ரசம் ஊத்திக்க."

செண்பகம் சமையலறைக்குள் போய்விட்டாள். சமையலறையில் ஏதோ மூலிகைப் பொடி வாடை அடித்தது. யாரோ வைத்தியர் மருந்து கொடுத்திருக்கிறார், ஆபரேஷன் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார், இவர்களும் நம்பிவிட்டார்கள். அப்படித்தான் இருக்க வேண்டும். படித்தவள் தடுப்பாள் என்று என்னிடம் மறைக்கிறார்கள்.

பிப்ரவரி 11, புதன்

மருத்துவமனையிலிருந்து போன். என் சிறுநீரில் புரதம் அதிகமாகத் தெரிகிறதாம். மறுபடி கொடுக்க வேண்டுமாம். அந்தப் பரிசோதனைக் கூடத்தில் மாதிரிகளை ஜன்னல் ஓரத்தில் வரிசையாக வைத்திருந்ததை நானே பார்த்தேன். யாருடையதோ மாறியிருக்கிறது. ஒரு நாள் முழுக்கச் சேர்த்துக் கொடுக்க ஐந்து லிட்டர் கேன் தந்திருக்கிறார்கள். அதைப் பல்கலைக்கழகத்துக்கு எப்படித் தூக்கிக்கொண்டு போவது. விடுமுறையில் பார்த்துக்கொள்ளலாம்.

கழிவறைத் திரவத்தை மாற்றிவிட்டேன். இதுவும் நுரைக்கிறது. எல்லாக் கம்பெனியும் ஒன்றுதான்.

பிப்ரவரி 13, வெள்ளி

மெட்டியை வெட்டி எடுக்க வேண்டியதாயிற்று. இடது கால் இரண்டாவது விரலில் சதைக்குள் புதைந்துவிட்டது. சோப்பு, எண்ணெய் எதற்கும் நகரவில்லை. பேருந்தில் கேள்வி கேட்பார்கள் என்பதற்காகத்தான் இத்தனை வருடம் அதைப் போட்டிருந்தேன். நகைக்கடைக்காரர் சின்னக் குறடால் வெட்டும்போது, "வீட்டுல எல்லாரும் நல்லா இருக்காங்கல்ல அம்மா?" என்று தயக்கத்தோடு கேட்டார். "எல்லாரும் நல்லா இருக்காங்க" என்றேன். இந்தக் காலத்து வெள்ளியில் என்னத்தைக் கலக்கிறார்களோ, சுருங்குகிறது.

பிப்ரவரி 15, ஞாயிறு

எடை பார்க்கும் இயந்திரத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். வாரத்துக்கு வாரம் ஒரு எண் காட்டுகிறது, எப்போதும் மேல்நோக்கி. நான் சாப்பிடுவதே பாதியாகிவிட்டது.

பிப்ரவரி 17, செவ்வாய்

செல்கள் தயார். நல்ல கால்கள். இன்று காலை சீரம் விட்டோம். நாளை முழுக்க விட்டுவைத்து, வியாழன் பார்ப்போம்.

ஜெசிந்தா சரியாகச் செய்கிறாளா என்று பக்கத்திலேயே நின்றேன். "உட்காருங்க மேடம், நான் ஓடிப்போயிட மாட்டேன்" என்றாள். உட்கார்ந்தேன். நிற்க முடியவில்லை, அது வேறு விஷயம்.

பிப்ரவரி 19, வியாழன்

இழைகளுக்குப் பச்சைச் சாயம் ஏற்றி, இருட்டறையில் நுண்ணோக்கியில் பார்த்தோம்.

ஆர்.எம். முதல் குழாய்: இழைகள் நேராக, இணையாக, காவிரிப் பாலத்து மின்கம்பிகள் மாதிரி இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை. கால்கள் நீண்டு இருக்கின்றன.

ஆர்.எம். இரண்டாவது குழாய்: அதேதான்.

எஸ்.எம். இரண்டு குழாய்களும்: கம்பி ஒன்றுகூட மிச்சம் இல்லை. செல்லின் ஓரத்தில் ஒரு பச்சை வளையம் மட்டும். நடுவில் வெறும் இருட்டு. கால்களை இழுத்துக்கொண்டு உருண்டு கிடக்கின்றன. சில இடங்களில் செல்லே இல்லை, தட்டின் தரை தெரிகிறது. செல்லைத் தரையோடு பிடித்து வைக்கும் கொக்கிகளை ஏதோ ஒன்று உள்ளேயிருந்து திருகி விட்டிருக்கிறது. இவ்வளவு மோசமான சீரத்தை நான் பார்த்ததில்லை.

ஜெசிந்தா என் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தாள்.

"பாவம், இந்த எஸ்.எம்." என்றேன்.

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, "ஆமா மேடம்" என்றாள்.

ஆணா பெண்ணா தெரியவில்லை. யாராக இருந்தாலும் இந்நேரம் முகம் ஊதியிருக்கும். செருப்பு நுழையாது. மோதிரம் கழற்ற வராது. கூட இருக்கிறவர்கள் யாரும் கவனிக்கவில்லையா, இல்லை சொல்லியும் கேட்காத ஆளா. சிலர் அப்படி இருப்பார்கள்.

மாசிலாமணியின் ரத்தம் சாது. என் சிறுநீரகம் அவனிடம் பிழைக்கும். சந்தோஷப்பட வேண்டிய நாள்.

பிப்ரவரி 20, வெள்ளி

சந்தோஷப்பட முடியவில்லை. இரண்டு ஆர்.எம். தட்டுகளும் அளவுக்கு மீறி ஒரே மாதிரி இருக்கின்றன. டயாலிசிஸில் இருக்கும் ஒருவனின் சீரமும் நோயில்லாத ஒருத்தியின் சீரமும் இப்படி இரட்டைப் பிள்ளைகள் மாதிரி நடந்துகொள்ளாது. இரண்டும் ஒரே ஆளுடைய ரத்தம். அதாவது, இரண்டும் என்னுடையது. தம்பியின் ரத்தம் இன்னும் சோதிக்கப்படவே இல்லை.

ஜெசிந்தாவைக் கூப்பிட்டேன்.

"ரெண்டு ஆர்.எம். குழாயும் ஒரே ஆளுதா?"

"ஆமா மேடம். ஆளுக்கு ரெண்டு குழாய். எப்பவும் அப்படித்தானே வைப்போம்."

எவ்வளவு சாதாரணமாகச் சொல்கிறாள். என் தம்பியின் உயிர் இதில் இருக்கிறது என்று சொன்னேன். வேறு சிலவும் சொன்னேன். அவள் கண் கலங்கியது. "உங்களுக்கு உடம்பு சரியில்லாதப்ப நான் எதுவும் பேசக் கூடாதுன்னு இருக்கேன் மேடம்" என்றாள். எனக்கு உடம்புக்கு என்ன? பேச்சை மாற்றுகிறாள்.

பிப்ரவரி 22, ஞாயிறு

உறையூர். டயாலிசிஸ் கைக்குக் கீழே தலையணை வைத்துக்கொண்டு மாசிலாமணி படுத்திருந்தான். மறுபடி ரத்தம் எடுக்க வேண்டும் என்றேன்.

"எடுத்துக்க. எனக்கு இதான் வேலை, வாரத்துல மூணு நாள் வெளிய எடுத்து உள்ள விடறாங்க. நடுவுல நீ ரெண்டு ஸ்பூன் எடுத்தா குறைஞ்சா போகும்?"

"ஆபரேஷன் தள்ளிப்போகும்."

"போகட்டும்."

"உனக்கென்ன, அவசரமே இல்லையா? மூச்சு வாங்குது உனக்கு."

"உனக்கு வாங்கலையா? மாடிப்படி ஏறி வந்து ரெண்டு நிமிஷம் பேசாம நின்னியே."

தண்ணீர் குடிக்கும் சாக்கில் சமையலறையில் அந்தப் பொடியைத் தேடினேன். டப்பாக்களைத் திறந்து முகர்ந்தேன். கிடைத்தது. கறிவேப்பிலைப் பொடி. உப்பில்லாமல் செய்திருக்கிறாள், அவனுக்காக.

வெளியே வந்தபோது செண்பகம் வாசலில் குனிந்து என் செருப்பைக் கையில் எடுத்து, பட்டையை விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் கீழே வைத்துவிட்டாள்.

"என்ன பார்க்குறே?"

"ஒண்ணுமில்ல அண்ணி. பட்டை அறுந்துடும் போல இருக்கு."

பொய் சொல்லத் தெரியாதவள். ஆனால் எதைப் பற்றிப் பொய் என்று மட்டும் புரியவில்லை.

பிப்ரவரி 24, செவ்வாய்

டாக்டர் நிஜாமுதீனுக்குப் போன் செய்தேன். தம்பியின் ரத்தம் மறுபடி வேண்டும் என்பதற்காக. முடிக்கும் முன், மரியாதைக்காகக் கேட்டேன்: "அந்த எஸ்.எம். எப்படி இருக்கிறார்? சிகிச்சை தொடங்கிவிட்டீர்களா? இனிமேல் நாள் கடத்தக் கூடாது."

"எந்த எஸ்.எம்.?"

"ஒப்பிட அனுப்பினீர்களே. நோய் தீவிரமாக இருக்கும் நோயாளி."

"அவர் கடைசி நேரத்துல கையெழுத்துப் போட மாட்டேன்னுட்டார் மேடம். அன்னிக்கு ரெண்டு பேர் ரத்தம்தான் வந்துச்சு. உங்க தம்பி, நீங்க."

போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டேன்.

"கேன் எப்ப கொண்டு வரீங்க மேடம்?" என்றார் பிறகு. "நான் ரெண்டு தடவை ஆள் விட்டுக் கேட்டேன்."

பிப்ரவரி 25, புதன்

பால் திரிந்துவிட்டது. கல்லூரி நாள்களில் வாங்கிய பழைய செருப்பு ஒன்று பெரிதாக இருந்தது, அதைத் தேடி எடுத்தேன். பொருந்துகிறது.

பிப்ரவரி 26, வியாழன்

ஜெசிந்தாவைக் கேட்டேன். இந்த முறை உட்கார வைத்துக் கேட்டேன்.

"எஸ்.எம். யார்?"

"நீங்கதான் மேடம்."

"நான் ஆர்."

"ஆஸ்பத்திரி ஸ்டிக்கர்ல எஸ். மங்கையர்க்கரசின்னு இருந்துச்சு. சார் பேரு எஸ்-ஆ இருக்கும்னு நினைச்சேன். கல்யாணம் ஆனவங்களுக்கு அப்படித்தானே போடுவாங்க. தம்பி ஆர்.எம்., நீங்க எஸ்.எம்., குழப்பமே இல்லைன்னு சந்தோஷமாகூட இருந்துச்சு."

செண்பகம். என் பின்னால் நின்று, கணவர் பெயரைச் சொல்லியிருக்கிறாள். கேட்டால் வேறென்ன சொல்வாள்.

"தட்டைப் பார்த்த அன்னிக்கே ஏன் சொல்லலை?"

"முதல்ல நீங்கதானே சொல்லாதேன்னீங்க. அப்புறம் 'பாவம் எஸ்.எம்.'னு நீங்களே சொன்னீங்க. உங்களுக்குத் தெரிஞ்சுடுச்சுன்னு நினைச்சேன் மேடம். உங்களைத்தான் அப்படிச் சொல்லிக்கறீங்கன்னு. நீங்க உங்களைப் பாவம்னு சொல்லிக்கற ஆளே இல்லையே, அதான் எனக்கு ரொம்பக் கஷ்டமாயிடுச்சு. நானா பேச்சை எடுக்கக் கூடாதுன்னு இருந்தேன். தினமும் ஜெபத்துல உங்க பேரைச் சொல்றேன்."

"எந்த இனிஷியலோட?"

சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு. எனக்கும். பிறகு அவள் அழுதாள். நான் அழவில்லை. கடந்த வெள்ளிக்கிழமை சொன்னவற்றுக்கு மன்னிப்புக் கேட்டேன்.

அவள் போனபின் எஸ்.எம். தட்டை மறுபடி நுண்ணோக்கியில் வைத்தேன். நேற்றுவரை வேறு யாரோ. இழைகள் இன்றும் இல்லை.

இந்தக் குறிப்பைப் பின்னோக்கிப் புரட்டினேன். திரவம், வெள்ளி, பேருந்து, எடை இயந்திரம். ஒரு மாணவி இவற்றை வரிசையாக எழுதிக் கொடுத்து என்ன நோய் என்று கேட்டிருந்தால் நான் காபியைக் கீழே வைக்கும் முன் சொல்லியிருப்பேன்.

கேனில் இன்று மாலையிலிருந்து சேர்க்கிறேன்.

பிப்ரவரி 28, சனி

ஒழுகுவது நிறைய. ரத்தத்தில் புரதம் பாதியாகிவிட்டது. சிறுநீரகத்திலிருந்து ஊசியால் ஒரு துண்டு எடுத்துப் பார்க்க வேண்டும், செவ்வாய்க்கிழமை. கால் மட்டும் மடங்கியிருக்கிறதா, செல் உதிர்ந்து தழும்பு தொடங்கிவிட்டதா என்று அதில்தான் தெரியும். முதலாவது என்றால் மருந்தில் குணமாக வாய்ப்புண்டு. டாக்டர் "வாய்ப்புண்டு" என்பதை மூன்று முறை சொன்னார். மூன்று முறை சொல்லப்படும் எதையும் நான் நம்புவதில்லை.

ஒன்று மட்டும் நிச்சயம். இரண்டு ஆர்.எம். தட்டுகளும் மாசிலாமணியுடையவை. அவன் ரத்தத்தில் குற்றம் இல்லை. அவன் சொன்ன ஸ்பீக்கர் கதைதான் சரி. யாருடைய சிறுநீரகம் வைத்தாலும் அவனிடம் அது பிழைக்கும். என்னுடையதைத் தவிர யாருடையதும். செண்பகத்துக்கு ரத்த வகை பொருந்தாது. இதே நிலையில் இருக்கும் இன்னொரு தம்பதியோடு மாற்றிக்கொள்ளும் ஏற்பாடு இருக்கிறது, அதில் பெயர் கொடுக்கலாம் என்கிறார் டாக்டர்.

ஒரே வீட்டில் இருவருக்கு, இரண்டு வேறு காரணங்களால்? கேட்டேன். "எனக்கும் சந்தேகமாத்தான் இருக்கு" என்றார். அந்த ஒரு பதிலுக்காக அவர்மேல் கொஞ்சம் நம்பிக்கை வந்தது.

மார்ச் 2, திங்கள்

நாளை காலை போகிறேன். உறையூருக்குச் சொல்லவில்லை. சொன்னால் செண்பகம் அழுவாள், மாசிலாமணி டயாலிசிஸ் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு எனக்காகக் கவலைப்படுவான். துண்டின் முடிவு வந்தபின், ஒரு நல்ல நாளாகப் பார்த்து, முறையாக விளக்கிச் சொல்வேன். அவன் ஏமாந்துபோவான். என்னை நம்பி இருந்தவன். முதலில் எந்த வாக்கியத்தைச் சொல்வது என்று இரண்டு மூன்று விதமாக யோசித்து வைத்திருக்கிறேன். எதுவும் சரியாக வரவில்லை.

கூட ஒரு ஆள் கட்டாயம் வேண்டும் என்கிறார்கள். ஜெசிந்தாவிடம் கேட்டிருக்கிறேன். யாரிடமும் சொல்லாதே என்று சத்தியம் வாங்கினேன். போட்டாள்.

நாளை இப்படித்தான் நடக்கும்: ஏழு மணிக்கு ஆட்டோ, ஜெசிந்தா வாசலில் நிற்பாள், மத்தியானம் வரை படுக்கை, சாயங்காலம் வீடு.

மார்ச் 3, செவ்வாய்

நடந்தது இது.

ஆட்டோ கிடைக்காமல் பேருந்தில் போனேன். ஜெசிந்தா வாசலில் இல்லை. வரவேற்பறையில் மாசிலாமணி உட்கார்ந்திருந்தான், கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு. செண்பகம் பக்கத்தில், பிளாஸ்க்கோடு.

"சத்தியம் பண்ணினாளே" என்றேன்.

"யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்னுதான் பண்ணிச்சாம். நாங்க யாரோவா? பாவம், போன்லயே அழுதுச்சு" என்றான். "உட்காரு."

உட்கார்ந்தேன். தயாரித்து வைத்திருந்த வாக்கியங்கள் எதுவும் நினைவுக்கு வரவில்லை. "என்னோடது உனக்கு ஆகாது" என்றேன்.

"தெரியும்."

"எப்பலருந்து?"

"தை மாசத்துலருந்து. அக்கா, கால் வீங்கறதுக்கும் மூஞ்சி ஊதறதுக்கும் நான் உன்ன மாதிரி டாக்டர் பட்டம் வாங்கணுமா? எனக்கு ஆரம்பிச்சதே அப்படித்தானே. இவதான் முதல்ல பார்த்தா. வாராவாரம் உன் செருப்புப் பட்டையை அளந்துட்டிருந்தா."

செண்பகம் பிளாஸ்க்கின் மூடியைத் திருகிக்கொண்டே இருந்தாள்.

"ஏன் சொல்லலை?"

"சொன்னேனே. உன் கிட்னி வேண்டாம்னு."

"காரணம் சொல்லலையே."

"சொன்னா நீ ஆதாரம் கேட்ப."

கேட்டிருப்பேன்.

அவன் ஏமாந்துபோனவன் மாதிரி இல்லை. ஒன்றரை மாதமாக ஒரு பாரத்தை வைத்துக்கொண்டிருந்துவிட்டு இறக்கியவன் மாதிரி இருந்தான். நல்ல செய்தியைச் சொன்னேன், அவன் ரத்தம் சுத்தம் என்று. "பாத்தியா, காயில்தான் கருகிச்சுன்னு நான் அப்பவே சொன்னேன்" என்றான், செண்பகத்திடம். மாற்றுத் தானத்துக்கு அவள் நேற்றே பெயர் கொடுத்துவிட்டாளாம்.

பதிவு இடத்தில் அதே பெண். "பேரு எஸ். மங்கையர்க்கரசி, சரிதானே? இல்ல, வேற இனிஷியலா? உங்க அடையாள அட்டையில ஆர்னு இருக்கே. மாத்திடவா மேடம்?"

செண்பகம் என் பின்னால் நின்று வாயைத் திறந்து மூடுவதை உணர்ந்தேன். எனக்காக இரண்டாம் முறை பதில் சொல்ல அவளுக்குத் தைரியம் இல்லை.

"எஸ்ஸே இருக்கட்டும்" என்றேன். "சோதனை முடியும்வரை நடுவில் பெயரை மாற்றக் கூடாது. குழாய் மாறிப்போகும்."

பிறகு உள்ளே கூப்பிட்டார்கள். செவிலிப் பெண் கையில் நீல அங்கியோடு வந்து எங்கள் மூவரையும் பார்த்தாள். கையில் கட்டுப்போட்ட ஒருவன், கால் வீங்கிய ஒருத்தி.

"இதுல பேஷண்ட் யாரு?"

மாசிலாமணி பழக்கத்தில் கையைத் தூக்கினான். தூக்கிய பிறகுதான் நினைவு வந்து, அந்தக் கையாலேயே என்னைக் காட்டினான்.

"இன்னைக்கு இவங்க" என்றான். "நாளைக்கு நான்."

அங்கியை வாங்கிக்கொண்டேன். செருப்பை வாசலில் கழற்றிவிடச் சொன்னார்கள். கழன்றது.